விலை எத்தனை சதவீதம் ஏறியது? கணக்கு சறுக்கும் இடங்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் சதுர அடி 50 ரூபாயிலிருந்து 60 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கூடியது 10 ரூபாய். அதைப் பழைய விலையான 50-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 20 சதவீதம். பலர் புது விலையான 60-ஆல் வகுத்து 16.67 என்று எழுதிவிடுகிறார்கள். மாற்றம் எந்த எண்ணிலிருந்து தொடங்கியதோ அதால்தான் வகுக்க வேண்டும். இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அதே 60 மறுபடி 50-க்கு வந்தால் இறக்கம் 16.67 சதவீதம்தான். இப்போது தொடக்கம் 60 அல்லவா? இருபது சதவீதம் ஏறி இருபது சதவீதம் இறங்கினால் பழைய விலை வராது. 50, 60 ஆகி 48-ல் நிற்கும்.

அடுத்தடுத்த ஏற்றங்களை அப்படியே கூட்டுவதும் தப்பு. பத்துக்குப் பத்து அறையின் நீளம், அகலம் இரண்டையும் பத்துப் பத்து சதவீதம் கூட்டினால் பதினொன்றுக்குப் பதினொன்று, அதாவது 121 சதுர அடி. டைல்ஸ் 20 அல்ல, 21 சதவீதம் அதிகம் வேண்டும். உடைசலும் வெட்டுக் கழிவும் தனி.

வட்டியில்தான் இது கையைக் கடிக்கும். காரைக்குடிக் கடைவீதியில் ‘ஒரு ரூபாய் வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் 18. “ஆறு சதவீதம்தானே கூடியிருக்கு” என்று ஒத்துக்கொண்டுவிடாதீர்கள். கூடியது 6 சதவீதப் புள்ளி, அதாவது 18-க்கும் 12-க்கும் உள்ள நேர் வித்தியாசம். நீங்கள் கட்டும் வட்டி ஏறியதோ 50 சதவீதம். லட்சத்துக்கு மாதம் 1,000 கட்டியவர் இனி 1,500 கட்ட வேண்டும். வட்டியைக் கட்டாமல் மாதாமாதம் அசலோடு சேர்த்தால், ஒரு ரூபாய் வட்டியே வருஷத்துக்கு 12.68 சதவீதமாகிவிடும்.

கண்டாங்கிச் சேலை 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,050 ரூபாய் என்றால், வரியில்லா விலை தெரிய 1,050-ல் 5 சதவீதம் கழித்து 997.50 என்று போடாதீர்கள். வரி போட்டது 1,000-க்கு. எனவே 1,050-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும்.

800-க்கு வாங்கி 1,000-க்கு விற்றால் லாபம் முதலுக்கு 25 சதவீதம், விற்பனைக்கு 20. இரண்டுமே சரி, எதற்கு என்று பில்லிலோ பேச்சிலோ சொல்லாமல் விட்டால்தான் பங்காளிகளுக்குள் தகராறு. விலை இரட்டிப்பானால் ஏற்றம் 100 சதவீதம், 200 அல்ல. போன மாதம் ஒரு சேலைகூட விற்காமல் இந்த மாதம் 30 விற்றிருந்தால் சதவீதமே போட முடியாது, பூஜ்யத்தால் வகுக்க வழியில்லை. 30 சேலை என்று மட்டும் எழுதுங்கள்.