வெயிட்டு குறையலயா? டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

என்ன பண்ணியும் வெயிட்டு குறையல, டாக்டர்கிட்ட போனா திட்டுவாங்கன்னு தள்ளிப் போட்டுகிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இத எழுதறேன். நான் சேலத்துல ஒரு கொலுசுப் பட்டறைல கணக்கு பாக்கறேனுங்க, காலைல பத்து மணிக்கு உக்காந்தா சாயங்காலம் ஏழு வரைக்கும் அதே சேர்தான். 157 செ.மீ உயரம், அப்ப 81 கிலோ. மொதல்ல போன எடத்துல ரெண்டு நிமிஷம்கூட பேசல, "வாயக் கட்டுங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்ட்டுட்டாங்க. வெளிய வந்து அழுதேன். அதுக்கப்புறம் எட்டு மாசம் எந்த டாக்டரையும் பாக்கல, அப்படி இருந்துருக்கக் கூடாது, ஒருத்தர் சரியா கேக்கலன்னா இன்னொருத்தர்கிட்ட உடனே போயிடணும்.

ரெண்டாவதா பாத்த டாக்டரம்மா மாத்திரை எதுவும் எழுதல, ஒரு வாரம் சாப்புடறத எல்லாம் எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. நீங்க மொத தடவ போறப்பவே இத எழுதி எடுத்துட்டு போயிடுங்க, ஒரு வாரம் மிச்சம். நாப்பது பக்க நோட்டு போதும். இட்லி எத்தனன்னு மட்டும் எழுதுனா பத்தாது, நடுவுல வாய்ல போடற கடலை, புள்ளைங்க மிச்சம் வச்சத தின்னது, காபிக்கு எத்தன ஸ்பூன் சக்கரைன்னு அத்தனையும் வேணும். நான் ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன், ஆக எட்டு ஸ்பூன்னா கிட்டத்தட்ட 40 கிராம் சக்கரை, எழுதிப் பாக்கற வரைக்கும் எனக்கே தெரியல. வாரத்துல அஞ்சு நாள் சாயங்காலம் தட்டுவடை செட்டு. பீட்ரூட்டு கேரட்டெல்லாம் துருவி வைக்கறாங்களே, காய்தானேன்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆனா மேலயும் கீழயும் இருக்கறது எண்ணெய்ல பொரிச்ச மாவு. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்லயே 120 கலோரி வருது.

இன்னொண்ணு நம்மூருக்காரங்க கண்டிப்பா கவனிக்கணும், ஜவ்வரிசி. விரதம்னா ஜவ்வரிசி உப்புமா, வயிறு சரியில்லன்னா ஜவ்வரிசி கஞ்சி, லேசான சாப்பாடுன்னு நம்ம வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. அது மரவள்ளிக்கெழங்கு மாவுங்க, முக்காவாசிக்கு மேல வெறும் ஸ்டார்ச்சு, 100 கிராம்ல சுமார் 350 கலோரி, புரோட்டீன் ஒரு கிராம்கூட தேறாது, அதனாலதான் சாப்ட்ட கொஞ்ச நேரத்துல மறுபடியும் பசிக்குது. ஜவ்வரிசி ஆலைய நம்பி எத்தனையோ குடும்பம் இருக்கற ஊர்ல இத சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா விரத நாள்ல கொஞ்சமா பாசிப்பருப்பு சேத்துக்கிட்டா ரொம்ப வித்தியாசம் தெரியுது.

நோட்டோட கடைசிப் பக்கத்துல வேற சில விஷயம் எழுதுங்க. வெயிட்டு எப்ப ஏற ஆரம்பிச்சுது, பீரியட்ஸ் ஒழுங்கா வருதா, ராத்திரி குறட்டை உண்டா, எந்திரிக்கறப்பவே அசதியா இருக்கா, வீட்டுல யாருக்கு சுகர். இப்ப போடற மாத்திரை எல்லாத்தோட அட்டையும் கையோட எடுத்துட்டு போங்க. ஸ்டீராய்டு, இன்சுலின், சில சுகர் மாத்திரை, வலிப்புக்கும் மனசுக்கும் குடுக்கற சில மாத்திரை இதெல்லாம் வெயிட்டு ஏத்தும், அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, வேற மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க. தொப்புள் மட்டத்துல டேப் வச்சு இடுப்பு சுத்தளவும் எடுத்துக்கோங்க, பொம்பளைங்களுக்கு 80 செ.மீ, ஆம்பளைங்களுக்கு 90 செ.மீ தாண்டுனா கவனிக்கணும். உயரத்துக்கு ஏத்த வெயிட்டான்னு பாக்கற பிஎம்ஐயும் நம்ம ஆளுங்களுக்கு 23லயே அதிகம், 25க்கு மேல உடல் பருமன். எனக்கு அப்ப கிட்டத்தட்ட 33.

டாக்டர் முன்னாடி உக்காந்ததும் "எதனால குறையலன்னு பாக்க என்ன டெஸ்ட்டு எடுக்கணும்"னு நேரா கேளுங்க. எனக்கு சுகர், மூணு மாச சராசரி சுகர், கொழுப்பு, தைராய்டு சரியா வேல செய்யுதான்னு பாக்கற டிஎஸ்எச் எல்லாம் எழுதுனாங்க. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடறவங்க அத டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டையே மாத்திக் காட்டும். காசு இடிக்குதுன்னா அரசு ஆஸ்பத்திரில போய் பாருங்க, தமிழ்நாடு அரசு 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும் சுகர், பிபி பாக்கறாங்க.

எனக்கு தைராய்டு கம்மின்னு வந்துச்சு. மாத்திரைய காலைல எந்திரிச்சதும் வெறும் வயித்துல தண்ணில போடணும், காபி அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான், கால்சியம் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும். நான் மொத மாசம் காபியோடயே போட்டுட்டு இருந்தேன், அப்படிப் போட்டா மருந்து சரியா ஏறாது. ஆறுலருந்து எட்டு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட்டு. தைராய்டால ஏறுன வெயிட்டுல நெறைய உப்பும் தண்ணியும்தானாம், அதனால மாத்திரைல கொஞ்சம்தான் எறங்கும், மீதிய நாமதான் எறக்கணும்னு தெளிவா சொல்லிட்டாங்க.

எவ்ளோ குறைக்கணும்னும் கேட்டுட்டு வாங்க. நான் 55 கிலோன்னு மனசுல வச்சிருந்தேன், அவங்க மொதல்ல 5 சதவீதம் போதும்னாங்க, எனக்கு நாலு கிலோ. அந்த அளவுக்கே சுகரும் பிபியும் எறங்க ஆரம்பிக்குமாம்.

நடக்கறதுக்கு ஏற்காடு போயிட்டு வந்து ரெண்டு நாள் முட்டி புடிச்சுக்கிட்டு படுத்ததெல்லாம் உண்டு. அதவிட காந்தி ஸ்டேடியத்துல தெனமும் அரை மணி, வாரம் அஞ்சு நாள், பேச முடியற ஆனா பாட முடியாத வேகம், அது போதும். சாப்பாட்டுல காபிக்கு அரை ஸ்பூன் சக்கரை, மத்தியானம் சோத்த ஒரு கரண்டி கம்மி பண்ணி முட்டையோ சுண்டலோ, தட்டுவடை செட்டு சனிக்கெழம மட்டும். அத மொத்தமா விட்டுடுன்னு சொல்லியிருந்தா நான் ஓடிருப்பேன்.

ஒரு மாசத்துல பத்து கிலோன்னு பவுடர் விக்கறவங்ககிட்ட தயவுசெஞ்சு போகாதீங்க, ரொம்ப வேகமா எறங்குனா பித்தப்பைல கல்லு வரலாம், சதையும் சேந்து கரையும். வெயிட்டு குறைக்க வாரம் ஒரு ஊசி இப்ப இருக்கே, அதையும் டாக்டர் பாத்துதான் குடுக்கணும், மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க.

இப்படி ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு, இப்ப 75 கிலோ. ரெண்டு மாசமா முள்ளு அசையல, வெயிட்டு எறங்க எறங்க ஒடம்பு செலவழிக்கறதும் கம்மியாகும், அதனால சாப்பாட்ட மறுபடி ஒருவாட்டி எழுதணும்னாங்க. புது நோட்டு வாங்கியாச்சு, அடுத்த விசிட்டுக்கு மூணு கேள்வி எழுதி வச்சிருக்கேன், மொதக் கேள்வி முட்டி வலி பத்தினது.