டேட்டாபேஸ் படுத்துடுச்சா? மொதல்ல கீபோர்ட்ல இருந்து கைய எடுங்க

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல சாயந்திரம் ஆனா இடி மின்னல்தான். இங்க செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட ஆபீஸ்ங்கள்ல யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போயிருக்கும், ஆனா சர்வர் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும், அதனால "அண்ணே, மைஎஸ்கியூஎல் எந்திரிக்க மாட்டேங்குது"ன்னு போன் வராத மாசம் கெடையாது. மைஎஸ்கியூஎல்தான் அந்த ஆபீஸ் கணக்கெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். போன வாரம் ஒரு தம்பி, இப்பதான் வேலை கத்துக்கிறாரு, நான் பைக்க எடுத்துக்கிட்டு போய்ச் சேர்றதுக்குள்ள லாக் ஃபைலையெல்லாம் அழிச்சு வச்சிட்டாரு. நான் 2013-ல பண்ண அதே கூத்து. பேக்கப் எடுங்கன்னு இங்க சொல்லப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும், யாரும் எடுக்கறதில்ல.

பேருல "லாக்" இருந்தா குப்பைன்னு நெனைக்கிறது

இத நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது எனக்கு. டேட்டா ஃபோல்டர்ல ஐபி_லாக்ஃபைல்0, ஐபி_லாக்ஃபைல்1-ன்னு ரெண்டு ஃபைல் இருக்கும், 8.0.30-ஓ அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷனோன்னா இன்னோடிபி_ரீடூ-ன்னு தனி ஃபோல்டர்லயே இருக்கும். பேரப் பாத்தா பழைய எர்ரர் லாக் மாதிரி தெரியும். இல்ல லா. நீங்க சேவ் பண்ணது உடனே டேபிள் ஃபைலுக்குப் போறதில்ல, மொதல்ல இதுலதான் எழுதும், அப்புறம் மெதுவா அங்க இறங்கும். கரண்டு போச்சுன்னா பாதியில நின்னத முழுசாக்கறதே இந்த ஃபைல்தான்.

2013-ல ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸ்ல நான் ரெண்டையும் அழிச்சேன், காப்பி கூட எடுக்கல. அஞ்சே நிமிசத்துல சர்வர் எந்திரிச்சிருச்சு. கான்ட்ராக்டர் தே தாரேக் வாங்கிக் குடுத்தாரு, நானும் பெரிய ஆளு மாதிரி குடிச்சேன். எர்ரர் லாக்ல "சீக்வென்ஸ் நம்பர் எதிர்காலத்துல இருக்கு"ன்னு வரி வரியா ஓடிக்கிட்டு இருந்துச்சு (டேபிள் ஃபைல் புது லாக்க விட முன்னாடி போயிருச்சுன்னு அர்த்தம்), அதப் பாத்தும் பாக்காத மாதிரி வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் கிராணி (ஆபீஸ் கிளார்க்கு) கூப்புடறாரு, லோரி நம்பர் போட்டுத் தேடுனா லோடு வருது, தேதி போட்டுத் தேடுனா வரல, முந்தின நாள் மத்தியானம் நிறுத்த குலை கணக்கு கொஞ்சத்தக் காணவே காணோம். இண்டெக்ஸ் (தேடுறதுக்கான அட்டவணை) ஒரு பக்கம், டேபிள் ஒரு பக்கம். லோரிக்காரங்கிட்ட இருந்த வெயிட் சீட்டெல்லாம் வாங்கி, எண்ணெய்க் கறையோட, மூணு ராத்திரி உக்காந்து தட்டுனேன். அதுக்கப்புறம் பேக்கப்பும் ஒடஞ்ச டேட்டாவுல முட்டி பாதியிலயே நின்னுக்கிட்டு இருந்திருக்கு, ரெண்டு மாசம் யாருக்கும் தெரியல.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சர்வீஸ நிறுத்துங்க, டேட்டா ஃபோல்டர் முழுசையும், லாக் ஃபைலோட சேத்து, வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க, அப்புறம் அந்தக் காப்பிய வச்சு விளையாடுங்க. சர்வீஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது எடுத்த காப்பி காப்பியே இல்ல.

எடுத்த எடுப்புலேயே 6

இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிக்கவரின்னு, கெட்டுப்போன டேட்டாபேஸ வலுக்கட்டாயமா எழுப்ப ஒரு செட்டிங் இருக்கு, 1-லிருந்து 6 வரைக்கும். நம்ம பசங்க ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி நேரா 6-ல வைக்கிறாங்க. 6-ன்னா மேல சொன்ன அந்த லாக் ஃபைலப் படிக்கவே வேணாம்னு சொல்றது, அழிச்சதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமில்ல. 1-ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா ஏத்துங்க. 3 வரைக்கும் ஓரளவு பயமில்ல, 4-லிருந்து டேட்டா ஃபைலே நிரந்தரமா கெடலாம், அதனால காப்பியில மட்டும். எந்திரிச்ச உடனே டம்ப் எடுத்து (டேட்டா முழுசையும் வெளிய எழுதி எடுக்கறது) புது சர்வர்ல ஏத்துங்க, அதுலயே சம்பளம் போட ஆரம்பிக்காதீங்க.

ரிப்பேர் டேபிள்

டேபிள சரிபண்ணுன்னு குடுக்கற கட்டளை. டேபிள் சேமிக்க மைஎஸ்கியூஎல்ல மைஐசாம், இன்னோடிபின்னு வேற வேற முறை இருக்கு, மேல சொன்ன லாக்கெல்லாம் இன்னோடிபியோடது. இந்தக் கட்டளை மைஐசாமுக்கு. இன்னோடிபிக்கு இல்ல.

டிஸ்க் ஃபுல்லான்னு பாக்காதது

நான் ஒரு மணி நேரம் தொலைச்சிருக்கேன். சிசிடிவி வீடியோ அதே டிஸ்க்ல ரொம்பிக் கெடந்துச்சு.

காப்பிய ரூட் பேர்ல விட்டுட்டு "இதுவும் எந்திரிக்கல"ன்னு அழறது

ரூட்ங்கிறது மெஷினோட அட்மின் அக்கவுண்டு, ஃபைல் அது பேர்ல இருந்தா மைஎஸ்கியூஎல்லால தொறக்க முடியாது. ஓனர மைஎஸ்கியூஎல் பேருக்கு மாத்துங்க.

டிஸ்க்கே டிக் டிக்னு சத்தம் போட்டா

ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க. ஆஃப் பண்ணுங்க, கழட்டுங்க, வேற மெஷின்ல மாட்டி டிடிரெஸ்க்யூங்கிற சாஃப்ட்வேர் வச்சு மொத்த டிஸ்க்கையும் இமேஜ் எடுங்க. தம்பியோட சர்வர் அப்படித்தான் இப்ப என் வீட்டு மேசையில கெடக்கு, இதுவரைக்கும் பாதிதான் வந்திருக்கு.