வெளிநாட்டு நெட்வொர்க் முத்திரையோடு வந்த பழைய போனை ஓசூர், தர்மபுரி பக்கம் ஓட்டுவது எப்படி

பெங்களூரு எஸ்.பி. ரோடு, நேஷனல் மார்க்கெட் வழியாகக் கைமாறி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்கு வரும் பழைய போன்களில் அமெரிக்க, கொரியச் சரக்கும் கலந்திருக்கும். ஆன் செய்ததும் ஏடி அண்ட் டி, வெரைசன் என்று ஏதாவது லோகோ வரும். அழிக்க முடியாத ஆப்கள் பத்துப் பதினைந்து இருக்கும். அதைப் பார்த்ததும் "சாஃப்ட்வேர் மாத்தணும்" என்று கடைக்கு ஓட வேண்டாம். லோகோவால் ஒரு தொல்லையும் இல்லை. போன் இங்கே உதவுமா உதவாதா என்பதைத் தீர்மானிப்பவை சிம் லாக் (வேறு நெட்வொர்க் சிம்மை ஏற்காத பூட்டு), பேண்ட் (போன் பிடிக்கும் அலைவரிசை), வோல்டிஇ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஆகிய மூன்றுதான். இவற்றில் பேண்டை எந்த சாஃப்ட்வேராலும் சேர்க்க முடியாது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முதலில் மாடல் எண். சாம்சங்கில் கடைசி எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கேலக்ஸி எஸ்7-ஐ எடுத்துக்கொண்டால் ஜி930ஏ என்பது ஏடி அண்ட் டி, ஜி930வி வெரைசன், ஜி930டி டி-மொபைல், ஜி930பி ஸ்பிரின்ட், ஜி930யு எந்த நெட்வொர்க்கையும் சேராத அமெரிக்க மாடல். கொரிய மாடலில் எஸ், கே, எல் என்று முடியும். பின்மூடி மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' பக்கத்திலும் பாருங்கள். *#06# அழுத்தினால் ஐஎம்இஐ, அதாவது அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணின் விவரம் பதிலாக வரும். வந்த விவரத்துக்கும் கையில் இருக்கும் போனுக்கும் பொருந்தவில்லையா, வாங்காதீர்கள்.

சிம் லாக் பார்க்க உங்கள் சிம்மைப் போட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் போதும். அன்லாக் கோடு கேட்டால் லாக் இருக்கிறது. கோடு தருவது அந்த நாட்டு நெட்வொர்க்தான். வாயில் வந்த எண்ணையெல்லாம் அடித்துப் பார்த்தால் குறிப்பிட்ட தடவைக்கு மேல் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். வெரைசனின் பழைய 4ஜி போன்கள் பெரும்பாலும் திறந்தே வந்தவை, அவற்றில் இந்தத் தலைவலி குறைவு. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் சரி. ஐஎம்இஐ-யை மாற்றி லாக்கை எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பேண்டும் வோல்டிஇ-யும்

ஜியோ 4ஜி ஓடுவது 850 (பேண்ட் 5), 1800 (பேண்ட் 3), 2300 (பேண்ட் 40) மெகாஹெர்ட்ஸில். பழைய அமெரிக்க மாடல்கள் பலவற்றில் பேண்ட் 40 கிடையாது. டவுனில் கூட்டம் கூடும் நேரத்தில் நெட் மந்தமாக இது ஒரு காரணம். பிஎஸ்என்எல் 4ஜி 700 (பேண்ட் 28), 2100 (பேண்ட் 1) ஆகியவற்றில் வருகிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அமெரிக்க போனின் விவரத்தாளிலும் '700' என்று போட்டிருக்கும், ஆனால் அது பேண்ட் 12, 13 அல்லது 17. நம் 28 வேறு. சித்தேரி, அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கம் பிஎஸ்என்எல் நம்பி இருப்பவர்கள் 28 இல்லாத போனை எடுக்கவே கூடாது. மேட்டையும் காட்டையும் தாண்டி எட்டுவது அந்தக் குறைந்த அலைவரிசைதான். சாம்சங்கில் *#0011# அடித்தால் இப்போது எந்த பேண்டில் நிற்கிறது என்று காட்டும். சில நெட்வொர்க் சாஃப்ட்வேர்களில் இந்த மெனுவை மறைத்திருப்பார்கள்.

வோல்டிஇ விஷயம் இன்னும் கறார். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. வெளிநாட்டு சாஃப்ட்வேரில் ஜியோவின் வோல்டிஇ அமைப்பு இல்லாவிட்டால் நெட் ஓடும், கால் மட்டும் போகாது. எஸ்எம்எஸ்-சும் தகராறு செய்யலாம். அப்போது யூபிஐ ஆப் சிம்மைச் சரிபார்க்க அனுப்பும் எஸ்எம்எஸ் போகாமல் பதிவு பாதியில் நிற்கும். ஆப் மேல் பழி போட்டுப் பயனில்லை. ஏர்டெல்லில் அதே போன் கால் வந்ததும் 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும் வரை நெட் நிற்கும், ஆனால் கால் கிடைக்கும். சாஃப்ட்வேரைத் தொட விரும்பாதவர்களுக்கு எளிய வழி ஏர்டெல் சிம் போடுவதுதான். *#*#4636#*#* மெனு திறக்கும் போன்களில் 'வோல்டிஇ ப்ரொவிஷன்ட்' பொத்தானை இயக்கிப் பார்க்கலாம். சிலவற்றில் பலிக்கும், பலவற்றில் பலிக்காது.

சாஃப்ட்வேரை மாற்றாமலே செய்ய வேண்டியவை

நெட் வரவில்லையென்றால் ஏபிஎன்-ஐ (எந்த வழியாக நெட்டில் சேர வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர்) நீங்களே சேர்க்க வேண்டும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஏபிஎன் புரோட்டோகால் இடத்தில் ஐபிவி4/ஐபிவி6 இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஹாட்ஸ்பாட் போட்டால் 'சந்தா இல்லை' என்று ஆங்கிலத்தில் மறுக்கிறதா? பழைய நெட்வொர்க்கிடம் போன் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது. ஏபிஎன் வகையில் 'டிஃபால்ட்' என்பதோடு கமா போட்டு 'டன்' (dun) என்ற மூன்றெழுத்தைச் சேர்த்தால் சில மாடல்களில் சரியாகும்.

ஆப்களில் முதலில் முடக்க வேண்டியது 'டிடி இக்னைட்' அல்லது 'மொபைல் சர்வீசஸ் மேனேஜர்'. நீங்கள் அழித்த விளையாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து போடுவது இதுதான். இதை விட்டுவிட்டு மற்றதை அழிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. பிறகு விஷுவல் வாய்ஸ்மெயில், அந்த நெட்வொர்க்கின் பில் ஆப் போன்றவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். கணினி வழியாக முழுவதும் நீக்கலாம்தான், ஆனால் போன், ஐஎம்எஸ், சிம் என்று பெயரில் வரும் எதையும் தொடாதீர்கள். தொட்டால் காலே போய்விடும்.

ஓசூர், பாகலூர், தளி ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. போன் கர்நாடக டவரைப் பிடித்ததும் ரோமிங் என்று எண்ணி நெட்டை நிறுத்திவிடும். டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். அல்லது நெட்வொர்க் தேர்வை மேனுவலாக்கித் தமிழ்நாட்டு டவரில் நிறுத்துங்கள். நெட்வொர்க் பெயருக்குப் பதில் எண் காட்டும் போன்களில் ஏர்டெல் தமிழ்நாடு 404 94, கர்நாடகா 404 45. அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் மேனுவலில் விட்டால் அங்கே சிக்னல் இருக்காது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அமெரிக்க எஸ்7-இல் ஏ, வி, டி வகைகளுக்கு யு மாடலின் சாஃப்ட்வேர் ஏறும். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள போன் என்பதால், எக்ஸினோஸ் சிப்புக்கான இந்திய சாஃப்ட்வேர் ஏறவே ஏறாது. யு சாஃப்ட்வேர் ஏறினாலும் ஜியோ வோல்டிஇ வரும் என்று உறுதி கிடையாது, அதற்காக மட்டும் இறங்காதீர்கள். லோகோ, ஆப் குப்பை போகும். சிம் லாக் போகாது.

பில்டு எண்ணின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது பூட்லோடரின் (போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) பதிப்பு. போனில் 4 இருந்தால் ஏற்றும் ஃபைலிலும் 4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று நிற்கும். கூகுள் கணக்கை முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கரன்ட் போகும் ஊரில் டெஸ்க்டாப் வேண்டாம், லேப்டாப்பில் செய்யுங்கள். சாம்சங் யூஎஸ்பி டிரைவர் போட்டு, வால்யூம் குறைப்பு, ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பிறகு வால்யூம் கூட்டலைத் தட்டினால் டவுன்லோடு மோடு வரும். சாம்சங் போனில் சாஃப்ட்வேர் ஏற்றும் கணினி நிரல் ஓடின். இந்த மாற்றத்துக்கு சாதா ஓடின் மறுக்கலாம். திருத்தப்பட்ட ஓடின் தேவைப்படும். பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று பெயர் தொடங்கும் நான்கு ஃபைல்களையும் அதனதன் இடத்தில் வையுங்கள். நெட்வொர்க் வகை மாறுவதால் ஹோம் சிஎஸ்சி வேண்டாம், சாதா சிஎஸ்சிதான். போனில் உள்ளதெல்லாம் அழியும். 'ரீ-பார்ட்டிஷன்', 'நாண்ட் இரேஸ்' கட்டங்களில் டிக் இருக்கவே கூடாது. அதில் ஐஎம்இஐ போய்விட்டால் மீட்பது பெரும்பாடு. 'பாஸ்' என்று பச்சையில் வந்த பிறகும் முதல் தடவை ஆன் ஆகப் பல நிமிடம் பிடிக்கும். பதறி பவரை அழுத்தாதீர்கள்.

2017-இல் வந்த ஜியோபோனுக்கு இது எதுவும் பொருந்தாது. அது ஜியோ சிம்முக்கே பூட்டப்பட்ட, ஆண்ட்ராய்டு இல்லாமல் கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் போன். திறந்து தருகிறேன் என்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சாதாரண 4ஜி பட்டன் போனுக்குப் பாதி வந்துவிடும்.