பழைய குட்டி யானை வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் குனிந்து பாருங்கள்

கார் பார்க்கிற கண்ணோடு லோடு வண்டி பார்க்கப் போகாதீர்கள். குட்டி யானையோ (டாடா ஏஸ்), தோஸ்த்தோ, பொலேரோ பிக்கப்போ, விற்பனைக்கு வரும்போது எல்லாமே புதுப் பெயிண்டும் புது சீட் கவருமாகத்தான் நிற்கும். அதில் மயங்க வேண்டாம். எஞ்சினில் கோளாறு என்றால் இறக்கி வேலை பார்த்துவிடலாம். ஓவர்லோடு ஏற்றி சேசிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தளர்ந்துபோன வண்டியை மட்டும் என்ன செலவு செய்தாலும் பழையபடி கொண்டுவர முடியாது. அதனால் நான் எப்போதும் கீழிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பேன்.

கிளம்புவதற்கு முன்

வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். கட்டாத இ-சலான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு விற்பவருக்கு போன் செய்து இரண்டு விஷயம் சொல்லுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், வாட்டர் சர்வீஸும் விட வேண்டாம். கழுவிய வண்டியில் ஆயில் கசிவு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அடிப்பகுதி

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். பக்கத்து சர்வீஸ் ஸ்டேஷன் ராம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் சேசிஸ் இரும்பை முன்னாலிருந்து பின்னால் வரை கையால் தடவிக்கொண்டே வாருங்கள். கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். அந்த இடத்தில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் புதிதாக இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும். பட்டறை வெல்டிங் முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

கமான் பட்டைகளையும் எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்றிரண்டு கூடுதலாகச் சொருகியிருந்தால், வண்டி எப்படி ஓடியது என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம். பாடியின் உயரத்தைக் கூட்டியிருந்தாலும் அதே கதைதான்.

அப்புறம், என்ன லோடு அடித்தார்கள் என்று கேளுங்கள். தண்ணீர் கேன், பர்னிச்சர் ஏற்றிய வண்டி என்றால் பிரச்சினை குறைவு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி, உப்புத்தண்ணீர் பாடிப் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேசிஸின் மேல் முகத்தில் தங்கியிருக்கும். கீழிருந்து பார்த்தால் இரும்பு நன்றாகத்தான் தெரியும். பாடியும் சேசிஸும் சேரும் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். எழுத்து ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் கோடு தெரிந்தாலோ நம்பரை மாற்றிக் குத்தியிருக்கலாம், விலை பேசவே வேண்டாம்.

டயர்

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறாக இருக்கலாம், ஆக்சில் வளைந்தும் இருக்கலாம்.

எஞ்சின்

குட்டி யானையில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறங்கள் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் கேஜில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நிற்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், எஞ்சின் வேலைக்கான பணத்தை விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். சிமெண்ட் மூட்டையோ மணல் மூட்டையோ ஏற்றி ஒரு மேம்பாலம் ஏறுங்கள். எஞ்சின் சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது. பின்னால் ஊளையிடும் சத்தம் வந்தால் கிரவுன் வீல் (பின் ஆக்சிலில் இருக்கும் பெரிய பல்சக்கரம்) செலவு.

இன்னொன்று பலர் செய்யாதது. டயர்களை நனைத்து, காய்ந்த சிமெண்ட் தரையில் நேராக ஓட்டச் சொல்லி, தடத்தைப் பாருங்கள். முன் டயர் தடத்துக்கும் பின் டயர் தடத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விலகியிருந்தால் வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடுகிறது. சேசிஸோ ஆக்சிலோ அடி வாங்கியிருக்கிறது.

பேப்பர்

லோடு வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்கு மேல் வருடாவருடம். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பெர்மிட் தேவையில்லை, எடையை ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 வேண்டும். “கடன் கட்டியாச்சு, பேப்பர் அப்புறம் தர்றேன்” என்றால் பணத்தையும் அப்புறமே கொடுங்கள். பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தை உங்கள் கண்ணெதிரே வாங்குங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். அன்று காலை வேறு யாரோ ஓட்டி விழுந்த கேஸுக்கோ ஃபைனுக்கோ நீங்கள் அலைய வேண்டியிருக்காது.