எலைட் டேஞ்சரஸில் கிரகம் தேடும் முறை: தருமபுரி, கிருஷ்ணகிரி பைலட்டுகளுக்கு

எலைட் டேஞ்சரஸ் 2014 டிசம்பரில் வந்த விண்கப்பல் ஓட்டும் கேம். நம் பால்வீதியை முழு அளவில், ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திரங்களோடு கட்டி வைத்திருக்கிறார்கள். ஓசூரிலிருந்தோ அரூரிலிருந்தோ புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு சிஸ்டத்துக்குள் (நட்சத்திரமும் அதைச் சுற்றும் கிரகங்களும்) குதித்ததும் கண்ணில் படும் புள்ளியை நோக்கிக் கப்பலை விரட்டுவார்கள். சூரியனிலிருந்து நெப்டியூனுக்கே சுமார் 15,000 ஒளிவிநாடி தூரம். கண்ணால் தேடினால் பொழுது விடிந்துவிடும். கிரகத்தைத் தேடுவது கப்பலை நிறுத்திவிட்டுச் செய்கிற வேலை.

கப்பலைக் கட்டும்போது எடை குறைய வேண்டும். சிஸ்டம் விட்டுச் சிஸ்டம் குதிக்க வைக்கும் ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ் மட்டும் ஏ கிரேடு. மற்ற கோர் பாகங்களுக்கு டி கிரேடு போதும், அதுதான் எடை குறைந்தது. ஆயுதங்களைக் கழற்றிவிடலாம். கிடைக்கிற பெரிய ஸ்லாட்டில் நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் ஃப்யூல் ஸ்கூப்பும், 1ஆம் அளவு ஸ்லாட்டில் கிரகத்தை வரைபடமாக்கும் டீடெய்ல்டு சர்ஃபேஸ் ஸ்கேனரும் போடுங்கள். ஷீல்டு தேவையில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். தரையிறங்கும்போது சின்னதாக இடித்தாலும் அடி நேராகக் கப்பலின் உடம்பில் விழும்.

பயணத்தைக் கேலக்ஸி மேப்பில் தொடங்குங்கள். எரிபொருள் அள்ள முடிவது ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகை நட்சத்திரங்களில் மட்டுமே. எல், டி, ஒய் வகைப் பழுப்புக் குள்ளர்களிலும் வெள்ளைக் குள்ளர்களிலும் ஒரு சொட்டுக்கூட வராது. ஸ்டார் கிளாஸ் ஃபில்டரில் இந்த ஏழை மட்டும் விட்டு, அதை ரூட்டுக்கும் பொருந்தும்படி டிக் செய்யுங்கள். ரூட் கோடு முழுக்கோடாக இருக்கும் வரை டேங்க் தாங்கும். புள்ளிக்கோடாக மாறும் இடத்துக்கு முன்பே அள்ளியாக வேண்டும்.

பழக, தெரிந்த வானத்திலிருந்தே தொடங்கலாம். பென்னாகரம் பக்கத்து இருட்டில் வெறும் கண்ணுக்குத் தெரியும் சுவாதி மேப்பில் ஆர்க்டரஸ், 37 ஒளியாண்டு. ரோகிணி ஆல்டெபரான், 65 ஒளியாண்டு. நம் சூரியனுக்குப் போவதுதான் கஷ்டம்: ஃபெடரேஷனில் (கேமில் உள்ள அரசுகளில் ஒன்று) பெட்டி ஆபீசர் ரேங்க் எடுத்து பெர்மிட் வாங்காமல் சோல் சிஸ்டத்துக்குள் விடமாட்டார்கள்.

யாரும் போகாத பகுதியில் எந்தச் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுப்பது? பெயரின் கடைசித் துண்டில் எண்ணுக்கு முன்னால் ஏ முதல் ஹெச் வரை ஒரு சிறிய எழுத்து வரும். அது நிறையைக் குறிப்பது. ஏ என்றால் மங்கலான சிவப்பு, பழுப்புக் குள்ளர்கள். ஹெச் என்றால் கருந்துளை போன்ற கனமானவை. பூமி போன்ற கிரகம் வேண்டுமானால் டி எழுத்துள்ளவற்றில் எஃப், ஜி, கே நட்சத்திரங்களாகப் பாருங்கள். நிச்சயம் என்று சொல்ல முடியாது, வாய்ப்பு கூடும்.

உள்ளே குதித்ததும் எதிரே நட்சத்திரம் நிற்கும். திராட்டிலை (வேகக் கட்டுப்பாடு) பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அனாலிசிஸ் மோடுக்கு (ஆய்வுக்கான நிலை) மாறி டிஸ்கவரி ஸ்கேனர் பட்டனை ஒலி முடியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். காம்பாட் மோடில் விட்டுவிட்டு ஸ்கேனர் கெட்டுப்போனதாக நினைப்பவர்கள் நிறைய. இப்போது சிஸ்டத்தில் எத்தனை பொருள்கள் என்பது தெரியும். காத்திருக்கும் நேரத்தில் நட்சத்திரத்தின் ஓரமாக நகர்ந்து எரிபொருள் அள்ளிவிடலாம். சூடு 100 சதவீதத்தைத் தாண்டினால் பாகங்கள் கெடும், 70 அருகே வந்ததும் மூக்கைத் திருப்புங்கள். மிக நெருங்கினால் சூப்பர்குரூஸிலிருந்து (சிஸ்டத்துக்குள் பறக்கும் அதிவேகப் பயணம்) தூக்கி எறியப்படுவீர்கள். அப்போது பதறாமல் டிரைவ் ஆறும் வரை பொறுத்து, எஸ்கேப் வெக்டர் காட்டும் திசையில் வெளியேறுங்கள்.

அடுத்தது எஃப்எஸ்எஸ் ஸ்கேனர், இருந்த இடத்திலிருந்தே கிரகங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் கருவி. கப்பல் குறைந்தபட்ச வேகமான விநாடிக்கு 30 கி.மீ.க்கு இறங்கினால்தான் திறக்கும். கீழே அலைவரிசைப் பட்டை ஒன்று வரும். அதில் மேடு மேடாகத் தெரிவதெல்லாம் கிரகங்கள், நிலவுகள். வாயு ராட்சதர்கள் வலது பக்கம் கிடக்கும், மற்றவை இடப்பக்கம். ஒரு மேட்டின் மேல் ட்யூனரை வைத்து, வானத்தில் அதே வகைச் சிக்னல் தெரியும் இடத்தில் பார்வையை நிறுத்தி ஜூம் செய்யுங்கள். ட்யூனிங் சற்று தள்ளியிருந்தாலும் கிரகம் தெளியாது. பட்டையில் ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். பெரும்பாலானவை சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டியே இருக்கும் என்பதால் வானம் முழுக்கத் துழாவ வேண்டாம். ஒன்றிரண்டு மிச்சம் நின்றால், ஏற்கெனவே பார்த்த வாயுக்கோளை மறுபடி ஜூம் செய்யுங்கள். அதன் நிலவுகள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அங்கும் இல்லையென்றால் தூரத்துத் துணை நட்சத்திரத்தின் பக்கம் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் பறந்து போக வேண்டியதில்லை. பூமி போன்றவை, நீர்க்கோள், அமோனியா கோள் மூன்றின் ஸ்கேன் டேட்டாவை விற்றால் நல்ல காசு. பனிக்கட்டி உருண்டைகளை விட்டுவிடலாம்.

போகும்போது பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, நேரத்தை. திரையில் மிச்ச நேரம் 7 விநாடிக்கு இறங்கியதும் திராட்டிலை 75 சதவீதத்தில், அதாவது நீலப் பகுதியில் வையுங்கள். கப்பல் தானாக வேகம் குறைத்துக்கொண்டே போகும். 5 விநாடிக்குக் கீழே விட்டால் தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் வந்த லாரிக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. கிரகத்தைத் தாண்டி ஓடி, வளைத்துத் திரும்பி வர வேண்டியதுதான்.

நெருங்கியதும் சர்ஃபேஸ் ஸ்கேனரிலிருந்து ப்ரோப்களை (கிரகத்தை வரைபடமாக்கும் சிறு கருவிகள்) விடுங்கள். கிரகத்தின் நடுவில் ஒன்று, மற்றவை விளிம்புக்குச் சற்று வெளியே. ஈர்ப்பு அவற்றை வளைத்து மறுபக்கத்தில் விழவைக்கும். திரையில் காட்டும் எண்ணிக்கைக்குள் முடித்தால் போனஸ் உண்டு. ப்ரோப் தீராது, அதனால் போனஸைத் தவறவிட்டாலும் வரைபடத்தை முடித்துவிடலாம்.

இறங்குவதாக இருந்தால் முதலில் சிஸ்டம் மேப்பில் ஈர்ப்பைப் பாருங்கள். கிளைடின்போது (தரையை நோக்கி வேகமாகச் சறுக்கி இறங்கும் கட்டம்) மூக்கின் சரிவு 60 டிகிரிக்குள் இருக்கட்டும், தாண்டினால் கிளைடு பாதியில் அறுந்துவிடும். 2 ஜி-க்கு மேல் என்றால் கீழ்நோக்கிய வேகத்தைக் கடைசி நூறு மீட்டருக்கு முன்பே அடக்கிவிட வேண்டும்.

தனியாக ஆடும் சோலோ மோடிலும் இணையம் இல்லாமல் இந்தக் கேம் ஓடாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர்களுக்கு எல்லோரும் சேர்ந்து ஆடும் ஓபனை விட சோலோதான் நல்லது, மற்ற ஆட்டக்காரர்களோடு நேரடி இணைப்பு வைக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மாலை இடி இறங்கிக் கரண்ட் போகும் நாட்களில் ரூட்டருக்கும் ஒரு யுபிஎஸ் இருந்தால் தேவலை. கரண்ட் போனதால் ஸ்கேன் டேட்டா அழியாது, அது சர்வரில் இருக்கிறது. கப்பல் வெடித்தால்தான் விற்காத டேட்டா மொத்தமும் போகும். ஆகவே பெரிய கண்டுபிடிப்பு கிடைத்ததும் யுனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸ் (ஸ்கேன் டேட்டாவை வாங்கும் இடம்) உள்ள நிலையத்துக்குப் போய் விற்றுவிடுங்கள்.

எரிபொருள் காலியாகி ஆக்ஸிஜன் கவுண்ட்டவுன் ஓடத் தொடங்கினால் உடனே மெயின் மெனுவுக்கு வெளியேறுங்கள். கடிகாரம் அங்கேயே நிற்கும். பிறகு ஃப்யூல் ராட்ஸை அழையுங்கள். 2015 முதல் இயங்கும் தன்னார்வ ஆட்டக்காரர்கள், காசு வாங்காமல் எரிபொருள் கொண்டுவந்து தருவார்கள். அவர்கள் சொல்லும் வரை திரும்ப கேமுக்குள் நுழைய வேண்டாம்.