வானில் கலம், தரையில் நிழல்: அறிவியல் புனைவுப் படத்துக்கு ஒளி அமைக்கும் முறை

விண்கலத்தை வெட்டி ஒட்டுவது அரை மணி நேர வேலை. அது அந்த இடத்தில்தான் நிற்கிறது என்று கண்ணை நம்ப வைக்கத்தான் மீதி நேரமெல்லாம் போகும். இங்கே எடுத்துக்கொள்ளும் காட்சி இது: சாயங்கால வெயிலில் வறண்ட பாறை நிலம், முன்னால் விண்வெளி உடையில் ஓர் ஆள், தூரத்தில் மிதக்கும் கலம், வானத்தில் பெரிய கோள். கருவிப் பெயர்கள் ஃபோட்டோஷாப்பில் உள்ளவை. போட்டோபியாவில் பெரும்பாலும் அதே பெயர்கள்தான், கிம்ப்பில் கொஞ்சம் மாறும்.

பின்னணி சொல்வதுதான் சட்டம்

முதலில் நிலப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆளும் கலமும் அதற்குப் பிறகுதான். வெயில் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதை அந்தப் படத்திலிருந்தே படித்துவிடலாம். ஒரு கல்லின் நிழல் நுனியிலிருந்து கல்லின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்து நீட்டினால் அது சூரியன் இருக்கும் திசையைக் காட்டும். நிழல் கல்லின் உயரமே இருந்தால் சூரியன் 45 பாகையில் இருக்கிறது. இரு மடங்கு என்றால் சுமார் 27, ஐந்தரை மடங்குக்கு மேல் போனால் 10 பாகை. நம் காட்சிக்கு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். தனி லேயரில் (படத்தின்மேல் இன்னொரு அடுக்கில்) வெயிலின் திசைக்கு ஓர் அம்புக்குறி வரைந்து, வேலை முடியும்வரை அழிக்காமல் வையுங்கள்.

தொடுவானக் கோட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சமதரையில் கேமரா 1.6 மீட்டர் உயரத்தில் இருந்திருந்தால், அதே தரையில் நிற்கும் யாராக இருந்தாலும் தொடுவானம் ஏறக்குறைய அவர் கண் மட்டத்தில்தான் வெட்டும், அவர் அருகில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும். இடுப்பு உயரத்தில் எடுத்த படமென்றால் இடுப்பில் வெட்டும். ஒட்டிய ஆள் குள்ளமாகவோ அந்தரத்தில் தொங்குவதாகவோ தெரிந்தால் இந்தக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விண்வெளி உடைக்கு நாசாவின் படங்கள் வசதி. பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. ஆனால் அதன் சின்னத்தையும், அடையாளம் தெரியும் வீரர்களின் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றுப்பாதையில் எடுத்த படங்களில் நிழல் பக்கம் பல நேரம் கன்னங்கரேலென்று இருக்கும், ஏனென்றால் சுற்றிலும் ஒளியைச் சிதறடிக்கக் காற்று இல்லை. காற்றும் வானமும் உள்ள நிலத்தில் அப்படி இருக்காது. கர்வ்ஸில் (வெளிச்ச அளவைத் திருத்தும் வளைகோட்டுக் கருவி) நிழலைத் தூக்கி, வானத்தின் நீலத்தை அதில் லேசாகச் சேர்த்தால்தான் உடை தரைக்கு இறங்கும். நேர் ஃபிளாஷில் எடுத்த படத்தைத் தொடவே வேண்டாம்.

கலத்தைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கி, படமாக ரெண்டர் செய்வதே நல்லது. வெயிலை நம் இஷ்டத்துக்குத் திருப்பலாம். சன் விளக்கின் கோணத்தை 0.53 பாகை வையுங்கள், பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனின் அகலம் அவ்வளவுதான். கேமராவின் ஃபோக்கல் லெங்க்தை (லென்ஸின் குவியத் தூரம்) நிலப்படத்தோடு பொருத்த எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பின்புலம் இல்லாமல், 16 பிட்டில் (8 பிட்டைவிட நிறப் படிகள் அதிகம்) வெளியே எடுங்கள்.

கோள்: பெரும்பாலான படங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்

நிலத்துக்கு எந்த வெயிலோ கோளுக்கும் அதே வெயில்தான். சூரியன் படத்துக்குள் கோளுக்குப் பக்கத்தில் தெரிகிறதென்றால் அந்தக் கோள் மெல்லிய பிறையாகத்தான் இருக்க முடியும். சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்தால் மட்டுமே முழு வட்டம். பக்கவாட்டு வெயிலுக்கு அரை வட்டம், ஒளிரும் பக்கம் உங்கள் அம்புக்குறியைப் பார்த்தபடி.

அடுத்து அதன் இருண்ட பக்கம். பகலில் தெரியும் நிலாவைப் பாருங்கள்: ஒளிபடாத பகுதி கறுப்பாக இல்லை, வான நீலமாகவே இருக்கும். நமக்கும் நிலாவுக்கும் நடுவில் ஒளிரும் காற்று இருப்பதுதான் காரணம். அதனால் கோள் லேயரை ஸ்கிரீன் முறையில் (வெளிச்சத்தை மட்டும் கூட்டும் கலப்பு முறை) வையுங்கள்; கறுப்பு தானாக மறையும். வானத்தில் நட்சத்திரம் போட்டிருந்தால் கோளின் முழு வட்டத்துக்குள் இருப்பவற்றை அழித்துவிடுங்கள், இருண்ட பாதி உட்பட. கோளை ஊடுருவி மின்னும் நட்சத்திரம் இந்த வகைப் படங்களில் சலிக்காமல் வரும் பிழை. தொடுவானம் நெருங்க நெருங்கக் காற்று தடிக்கும், எனவே கோளின் அடிப்பகுதியை மாஸ்க்கில் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரை) கிரேடியன்ட், அதாவது படிப்படியாக மாறும் சாயல், இழுத்து 30, 40 சதவீதம்வரை மங்க விடுங்கள்.

காட்சி செவ்வாயில் என்றால் ஆரஞ்சு அந்தி வேண்டாம். அங்கே பகல் வானம்தான் செம்மஞ்சள். மறையும் சூரியனைச் சுற்றி நீலம் படரும். 2015இல் கியூரியாசிட்டி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நிறம் வையுங்கள்.

கலம்

தூரத்து மலையின் மிகக் கறுத்த இடத்தில் சுட்டியை வைத்து இன்ஃபோ பேனலைப் பாருங்கள். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் அது 70 என்று காட்டினால், அதே தூரத்தில் மிதக்கும் கலத்தில் எதுவும் 70க்குக் கீழே போகக் கூடாது. கலத்தை மட்டும் பாதிக்கும்படி கிளிப்பிங் மாஸ்க்காக ஒரு கர்வ்ஸ் போட்டு, கறுப்பு முனையை 70க்கு ஏற்றுங்கள். அதன்மேல் தொடுவான நிறத்தில் ஒரு சாலிட் கலர், 15 முதல் 25 சதவீதம். கறுப்பும் கூர்மையும் அப்படியே விட்டால் கிலோமீட்டர் நீளக் கலம்கூடப் பொம்மையாகச் சுருங்கிவிடும். அடிவயிற்றையும் இருட்டாக விடாதீர்கள். வெயில்பட்ட செம்மண் தரை கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பும், அந்தச் செம்மை அங்கே வேண்டும்.

கலத்தின் நிழலை நேர் கீழே போடுவது உச்சி வெயிலுக்கு மட்டுமே சரி. சூரியன் 10 பாகையில் இருக்க, 300 மீட்டர் உயரத்தில் மிதக்கும் கலத்தின் நிழல் 1,700 மீட்டர் தள்ளிப் போய் விழும். பெரும்பாலும் அது சட்டகத்துக்கு வெளியே. அதாவது நிழலே வரைய வேண்டாம், வேலை மிச்சம்.

ஆளும் தரையும்

வெட்டும்போது மாஸ்க் விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே தள்ளி, 0.5 பிக்சல் ஃபெதர் (விளிம்பை மென்மையாக்குவது) கொடுங்கள். பழைய பின்னணியின் வெள்ளைக் கீற்று போகும்.

நிழலுக்குக் கறுப்பு பிரஷை எடுக்காதீர்கள். நிலப்படத்திலேயே வெயில்பட்ட மண்ணையும், அதே மண் கல் நிழலில் இருக்கும் இடத்தையும் 5×5 பிக்சல் சராசரியில் ஐட்ராப்பரால் (நிறம் எடுக்கும் கருவி) எடுங்கள். வெயிலில் சிவப்பு, பச்சை, நீலம் முறையே 180, 140, 110. நிழலில் 72, 64, 60 என்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். நிழல் எண்ணை வெயில் எண்ணால் வகுத்து 255ஆல் பெருக்கினால் 102, 117, 139. நீலம் கலந்த சாம்பல். அந்த நிறத்தை 100 சதவீத மல்டிப்ளையில் (கீழுள்ள நிறத்தோடு பெருக்கிக் கறுக்கவைக்கும் முறை) நிரப்பினால் உங்கள் நிழலும் கல்லின் நிழலும் ஒன்றுபோல இருக்கும். ஒபாசிட்டியை ஏற்றி இறக்கி ஊகிக்க வேண்டியதில்லை.

நிழலின் நீளம் அதே கணக்கில்: 1.8 மீட்டர் ஆளுக்கு 10 மீட்டர் சொச்சம். சூரியன் புள்ளியல்ல, வட்டு. அதனால் நிழலின் ஓரம், அதை உண்டாக்கும் பொருளிலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மங்கும். பூட்ஸ் அருகே கத்திபோல, தலையின் நிழலில் 10 சென்டிமீட்டர் மங்கலாக. நிழல் முழுவதற்கும் ஒரே பிளர் போட்டால் அட்டையை நிறுத்தி வைத்தது போலிருக்கும். கிரேடியன்ட் மாஸ்க்கோடு இரண்டு மூன்று படியாகப் போடுங்கள். பூட்ஸ் மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் இன்னொரு மெல்லிய கறுத்த கோடு, சில பிக்சல் அகலத்துக்கு. அது இல்லையென்றால் ஆள் மிதப்பார்.

ஹெல்மெட் கண்ணாடியை மறக்க வேண்டாம். அதில் பழைய படத்தின் விண்வெளி நிலையம் தெரிந்துகொண்டிருக்கும். நிலப்படத்தின் நகலை ஸ்ஃபெரைஸ் (கோளம்போல வளைக்கும் ஃபில்டர்) செய்து உள்ளே பொருத்துங்கள், சூரியப் புள்ளி அம்புக்குறிப் பக்கம் இருக்கட்டும்.

எஞ்சினின் நீல ஒளியை நீல பிரஷால் பூசினால் மண்ணின் சொரசொரப்பு மூடிப்போகும். கர்வ்ஸ் லேயரில் நீல சானலை ஏற்றி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, வெள்ளை பிரஷ் 5 சதவீத ஃபுளோவில் தடவி எடுங்கள். தூரம் இரு மடங்கானால் ஒளி கால் பங்காகும், எனவே பிரஷைச் சீக்கிரம் நிறுத்த வேண்டும். சாயங்கால வெயில் நேராகப் படும் இடத்தில் அந்த நீலம் அநேகமாகத் தெரியாது, நிழலுக்குள்தான் எடுபடும்.

இடையிடையே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு சாலிட் கலர் லேயரைக் கலர் முறையில் போட்டு, படத்தைச் சாம்பலாக்கிப் பாருங்கள். எந்தத் துண்டு துருத்துகிறதோ அதில் வெளிச்ச அளவு தவறு, நிறமல்ல. அதைச் சரிசெய்யாமல் நிறத்தைத் திருத்திக்கொண்டிருப்பதில்தான் பலருக்கு ராத்திரி கழிகிறது.

கடைசியாக, ஒட்டிய துண்டுகள் நிலப்படத்தைவிடக் கூர்மையாக இருந்தால் 0.3 முதல் 0.7 பிக்சல் பிளர். பிறகு 50 சதவீதச் சாம்பல் லேயரை ஓவர்லே முறையில் வைத்து, மோனோக்ரோமாட்டிக் நாய்ஸ் (நிறமில்லாத புள்ளித் துகள்கள்) 1 அல்லது 2 சதவீதம் சேருங்கள். வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதையும் இது பெருமளவு மறைக்கும். 16 பிட்டிலேயே வேலையை முடித்து, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான திரை நிற முறைக்கு மாற்றி, அதன்பின் 8 பிட் ஜேபெக்காகச் சேமியுங்கள். ஃபோட்டோஷாப்பின் 12 படி அளவில் தரம் 10க்குக் கீழே போனால் சேர்த்த நாய்ஸ் கட்டம் கட்டமாகத் திரண்டுவிடும்.