ஏரிக்கரையில் கெண்டை: தக்கை முதல் சட்டி வரை

கெண்டைக்குத் தூண்டில் போடப் போகிறவர் ஒருநாள் மீன் சந்தைக்குப் போய், மீன்களின் வாயைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் மீன் அது. ரோகுவின் உதடு ஜாலர் வைத்துத் தைத்ததுபோல இருக்கும், நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலும் சாதா கெண்டையும் அடிமண்ணைக் கிளறுபவை. சாதா கெண்டையை வாயோரத்து இரண்டு ஜோடி மீசையை வைத்தே சொல்லிவிடலாம். கெண்டை இனத்தைச் சேர்ந்த இந்த நான்கும் ஒரே ஏரியில் இருக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து வெறுங்கையோடு எழுந்திருப்பவர்களில் பலர் இரையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இரை நிற்கும் ஆழத்தை முடிவுசெய்யும் தக்கையை மட்டும் நகர்த்த மாட்டார்கள்.

ஏரி, கண்மாய்களில் மீன்பாசி குத்தகை (மீன்பிடி உரிமை) எடுத்தவர் இருப்பார். அவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். அணை என்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மூங்கில் கம்பு ஒன்றரைக் கிலோ மீன் வரை தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ரீல் வேண்டும். நரம்பு (தூண்டில் நூல்) 0.30 முதல் 0.35 மி.மீ. தடிமன் போதும், தடித்த நரம்பில் மீன் சந்தேகப்படும். தூண்டில் முள் 6 அல்லது 8ஆம் எண் (எண் கூடக்கூட முள் சிறிதாகும்). முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயமணி, அதற்கும் மேலே நகர்த்தக்கூடிய தக்கை.

இனி ஆழம் பார்க்க வேண்டும். முள்ளிலேயே ஒரு கனத்த ஈயத்தை மாட்டி, இரை போடப்போகும் இடத்தில் இறக்குங்கள். தக்கை முழுதாக மூழ்கினால் அதைக் கம்புப் பக்கம் ஏற்றுங்கள். படுத்துக் கிடந்தால் முள் பக்கம் இறக்குங்கள். தலை மட்டும் தெரியும்படி நின்றால் அதுதான் ஆழம். மிர்காலுக்கும் சாதா கெண்டைக்கும் அந்த அளவோடு நான்கு விரற்கடை கூட்டினால் இரை தரையில் கிடக்கும். ரோகுவுக்குத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே, கட்லாவுக்கு நீர்மட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி கீழே.

மண்புழு போட்டால் ஜிலேபி மீன்தான் முந்தும், அதனால் மாவு இரையே மேல். கோதுமை மாவு 200 கிராம், வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் மறுபடி பிசையுங்கள். வெந்த மாவு சீக்கிரம் கரையாது. பொடிமீன் தொல்லை அதிகமென்றால் துளிப் பஞ்சைப் பிய்த்துச் சேர்த்துப் பிசையலாம். கட்லாவுக்கு இது தலைகீழ்: கரைந்து புகைபோலப் பரவும் இரைதான் அதற்கு வேண்டும். பொட்டுக்கடலை மாவையும் ரொட்டித்தூளையும் சம அளவில், வேகவைக்காமல், முள்ளில் நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரம் காட்டிப் பிடியுங்கள்.

தூண்டில் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தீனி தூவ வேண்டும். ஒரு கிலோ தவிடு, கால் கிலோ ஊறிய புண்ணாக்கு, உருண்டை பிடிக்க இரண்டு கை களிமண். சாத்துக்குடி அளவில் நான்கு உருண்டை ஒரே இடத்தில் விழட்டும். வாரி இறைத்தால் மீன் வயிறு நிறைந்து நகர்ந்துவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரையும், வெயில் சாய்ந்த பிறகும் நல்ல நேரம். பாசி பிடித்துப் பச்சையாகக் கிடக்கும் குளத்தில் மட்டும் விடியலில் கரைந்த ஆக்ஸிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது எந்த இரையையும் சீண்டாது.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. இரையை உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை துடிக்கும்போதே இழுப்பவர்களுக்கு வெறும் முள்தான் வரும். தக்கை பக்கவாட்டில் நகர்ந்தாலோ, சாய்ந்து படுத்தாலோ, சரேலென்று மறைந்தாலோ மணிக்கட்டை மட்டும் தூக்குங்கள். பெரிய மீன் ஓடினால் ஓடட்டும். கம்பைச் சாய்வாக உயர்த்தி, ரீலின் டிராக்கை (நரம்பு வெளியேறும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை) தளர்வாக வையுங்கள். நரம்பு அறுவது பெரும்பாலும் கரையோரத்தில், அவசரத்தில்தான். கைவலையைத் தண்ணீரில் முன்பே தாழ்த்தி, தலை முதலில் புகும்படி மீனை அதன்மேல் இழுங்கள். சாதா கெண்டையின் முதுகுத் துடுப்பு முள் ரம்பம் போன்றது, கை பத்திரம்.

பிடித்த மீனைத் தலையில் அடித்து, செவுளை வெட்டி ரத்தம் வடித்து, ஐஸில் வையுங்கள். வெயிலில் வாளித் தண்ணீரில் கிடந்தால் சதை குழைந்துவிடும்.

மண்வாசனைக்குக் காரணம் நீலப்பச்சைப் பாசி போன்றவை உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். அது கொழுப்பில் தங்கும், புளிப்பில் சிதையும். செவுள், வயிற்றின் உள்ளே ஒட்டிய கறுப்புத் தோல், முதுகெலும்போரத்து ரத்தம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் கெட்டிப் புளிக்கரைசலும் பிசிறி இருபது நிமிடம் வைத்துக் கழுவுங்கள். பித்தப்பை உடையக் கூடாது. கசப்பு மட்டுமல்ல, கெண்டைப் பித்து விஷம். மருந்தென்று விழுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது.

ஒரு கிலோ மீனுக்கு: மண்சட்டியில் ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, 200 கிராம் சின்ன வெங்காயம், 15 பல் பூண்டு, இரண்டு தக்காளி. வதங்கியதும் மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, கொஞ்சம் மஞ்சள்தூள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, எண்ணெய் மேலே பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். மீன் அதற்குப் பிறகுதான். கட்லாத் தலை முதலில், ஐந்து நிமிடம் கழித்துத் துண்டுகள். சிறு தீயில் இன்னும் எட்டு நிமிடம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். இறக்கி இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டால் புளி மீனில் ஏறும்.

வறுப்பதென்றால் தோல்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறுங்கள். பொடி முள் துண்டாகி எண்ணெயில் முறுகிவிடும். கவட்டைபோலப் பிளந்த அந்த முள் முதுகிலும் வாலிலும்தான் அதிகம். குழந்தைகளுக்கு வயிற்றுத் துண்டு கொடுங்கள்; அங்கே இருப்பது பெரிய விலா முள், கண்ணுக்குத் தெரியும்.